இணைக் கணிப்பின் முதல் நொடி

நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே வங்கக் கடலை ஒட்டிக் கிடக்கும் காரைக்கால், நிர்வாகத்தால் புதுச்சேரியையும் நிலத்தால் காவிரிப் படுகையையும் சேர்ந்தது. பரப்பில் சிறிய இந்த மாவட்டத்தின் அன்றாடம், எங்கோ தொலைவில் ஓடும் பெரிய கணிப்புகளை நம்பியிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று இங்கே நிற்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது அதைப் பின்தொடர்ந்த ரேடார்களில் இதுவும் ஒன்று. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பணிகள் காரைக்காலை அடுத்த நிரவியிலிருந்து நடக்கின்றன. நில அதிர்வு அலைகளைக் கொண்டு பூமிக்கடியில் உள்ள பாறை அடுக்குகளைப் படமாக்குவது அந்தத் தொழிலின் அடிப்படை. 2004 சுனாமி இந்தக் கரையைச் சிதைத்த பிறகு, ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007-இல் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. புயலின்போது கடல் எவ்வளவு உயர்ந்து கரைக்குள் புகும் என்பதையும் அதே நிறுவனம் கணிக்கிறது. வானிலை, நிலத்தடி, கடல் என்ற இந்த மூன்று கணிப்புகளும் ஒரே கணினியில் அடங்காதவை. நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான செயலிகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியபடி கணக்கிடுகின்றன.

அந்தச் செய்திப் பரிமாற்றத்துக்கு உலகம் முழுவதும் பயன்படும் பொது விதித் தொகுப்பு எம்.பி.ஐ. அதைப் பற்றி எழுதப்படும் பாடங்கள் பெரும்பாலும் செய்தியை அனுப்புவதையும் பெறுவதையும் விரிவாகச் சொல்லும். அதற்கு முன் நடக்கும் தொடக்கத்தை ஒரே வரியில் கடந்துவிடும்: நிரலின் தலையில் 'இனிட்' என்ற அழைப்பை எழுது, கடைசியில் 'ஃபைனலைஸ்' என்று எழுது. பூசைக்கு முன் சொல்லும் மந்திரம் போல மாணவர் அதை மனப்பாடம் செய்துகொள்கிறார். அந்த ஒரு வரிக்குள் ஓர் ஒப்பந்தம் ஒளிந்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நிரலுக்கும் அதைத் தாங்கும் அமைப்புக்கும் இடையே, யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன எண், யாரை யார் எப்படி எட்டுவது என்று முடிவாகும் ஒப்பந்தம் அது. கடந்த முப்பது ஆண்டுகளின் அனுபவம், அந்த ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த உறுதிமொழிகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, தேவைப்படும்போது மட்டும் செய்துகொள்ளும் திசையில் நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வைப் புரிந்துகொள்வது பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்களைவிட, பிறருடைய இயந்திரத்தில் தொலைவிலிருந்து வேலை செய்யும் சிறிய நிறுவனங்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

முதலில் ஒரு பரவலான தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இனிட் அழைப்புதான் பல பிராசஸ்களை, அதாவது நிரலின் ஓடும் பிரதிகளை, உருவாக்குகிறது, அதற்கு முந்தைய வரிகள் ஒரே ஒரு பிராசஸில் ஓடுகின்றன என்று நினைப்பவர்கள் பலர். திரெட் அடிப்படையிலான ஓப்பன்எம்பி முறையில் ஒரு பிராசஸ் ஓடிக்கொண்டே நடுவில் கிளைவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாகவே வரும். எம்.பி.ஐ.யில் நடப்பது வேறு. 'எம்.பி.ஐ.ரன்' அல்லது 'எஸ்.ரன்' போன்ற ஏவும் கட்டளையே எல்லாப் பிராசஸ்களையும் பல நோடுகளில் (இணைக்கப்பட்ட தனிக் கணினிகளில்) உயிர்ப்பித்துவிடுகிறது. இனிட் வரியை எட்டும்போது அவை ஏற்கெனவே தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வரிக்கு முன் ஒரு கோப்பைத் திறந்து எழுதினால், எத்தனை பிராசஸ் இருக்கிறதோ அத்தனை முறை அது எழுதப்படும். ஆகவே இனிட் செய்வது பிறப்பித்தல் அல்ல, அறிமுகம். தனியாகப் பிறந்த பிராசஸ், தன்னை ஏவியவரிடமிருந்து தன் எண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் கேட்டு அறிகிறது. தன் வலைப்பின்னல் முகவரியை ஒப்படைக்கிறது. மற்றவர்கள் முகவரியைப் பெறுவதற்கான வழியை ஏற்படுத்திக்கொள்கிறது. ஒரே நோடில் இருப்பவர்களோடு பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கிறது. எம்.பி.ஐ. விதிநூல் இந்த அழைப்புக்கு முன், தொடக்கம் நடந்துவிட்டதா, எந்தப் பதிப்பு என்பன போன்ற மிகச் சில கேள்விகளுக்கே இடம் தருகிறது. ஏவும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை அது கட்டாயமாக்கவில்லை.

இந்த மௌனம் தற்செயலானது அல்ல. அதன் வேர் வரலாற்றில் இருக்கிறது. 1980-களின் இறுதியில் ஒவ்வொரு நிறுவனத்தின் இணை இயந்திரத்துக்கும் தனித்தனிச் செய்தி முறை இருந்தது. இந்தியாவில் 1988-இல் தொடங்கிய சி-டாக் நிறுவனம், 1991-இல் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளை இணைத்துப் பரம் 8000 இயந்திரத்தை வெளியிட்டபோது, அதற்கென்று பாரஸ் என்ற நிரலாக்கச் சூழலையும் தானே உருவாக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1989-இல் வைடி சுந்தரம், ஆல் கைஸ்ட் ஆகியோர் தொடங்கிய பி.வி.எம். வேறு வழியில் போனது. ஒவ்வொரு கணினியிலும் டீமன் என்ற பின்னணி நிரல் ஒன்று எப்போதும் விழித்திருக்கும். டீமன்கள் சேர்ந்து ஒரு கற்பனை இயந்திரமாகும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கணினியைச் சேர்க்கலாம், புதிய பிராசஸை உருவாக்கலாம். தொடக்கச் சூழல் அங்கே நிரலின் கைக்குள் இருந்தது. 1992 ஏப்ரலில் வில்லியம்ஸ்பர்க் நகரில் நடந்த பட்டறையில் தொடங்கி 1994-இல் வெளியான எம்.பி.ஐ. முதல் பதிப்பு அதை வேண்டுமென்றே கைவிட்டது. எத்தனை பேர் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். நிரல் முடியும்வரை அது மாறாது. 'காம் வேர்ல்டு' என்ற ஒரே உலகத்துக்குள் எல்லாரும் அடக்கம். டீமன் இருக்க வேண்டுமா, ரிமோட் ஷெல் வழியாக ஏவ வேண்டுமா, இயந்திரத்தின் சொந்த ஏவும் முறையைப் பயன்படுத்த வேண்டுமா என்பதையெல்லாம் செயல்படுத்துபவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

இந்தத் தேர்வைக் குறுகிய பார்வை என்று பின்னாளில் சிலர் விமர்சித்தார்கள். ஆனால் அன்றைய சூழலில் அதற்கு வலுவான நியாயம் இருந்தது. பெரிய இயந்திரங்கள் அனைத்தும் வரிசை முறையில் இயங்கின. பயனர் இத்தனை நோடு, இத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்குவார். வாங்கியதற்கு மேல் நிரல் தானாக விரிய முடியாது. எண்ணிக்கை மாறாது என்ற உறுதி இருந்தால், பரிமாற்ற வழிகளை முன்கூட்டியே கட்டலாம், பிழைகளைக் கண்டுபிடிப்பதும் எளிது. 1997-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஓடும்போதே பிராசஸ் உருவாக்கும் வசதியைச் சேர்த்தது. 'எம்.பி.ஐ.எக்ஸெக்' என்ற பொதுவான ஏவும் கட்டளையையும் அது பரிந்துரைத்தது, கட்டாயப்படுத்தவில்லை. இரண்டில், புதிதாகப் பிராசஸ் உருவாக்கும் வசதி வரிசை முறை இயந்திரங்களில் பெரிதாக வேரூன்றவில்லை. ஏவும் கட்டளை நிலைத்துவிட்டது. நிரலாளர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஓடும்போது விரிவதற்கான சுதந்திரத்தைவிட, எந்த இயந்திரத்திலும் ஒரே மாதிரி தொடங்கும் நம்பகத்தன்மைதான் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

நம்பகத்தன்மை ஒரே நாளில் வந்துவிடவில்லை. எம்.பி.ஐ.யின் தொடக்கக்காலச் செயலாக்கங்களில் ஒன்றான லாம் தொகுப்பில், வேலை தொடங்குமுன் 'லாம்பூட்' கட்டளையால் எல்லா நோடுகளிலும் டீமன்களை எழுப்ப வேண்டும். எம்பிச் தொகுப்பில் சில காலம் 'எம்.பி.டி.' டீமன்களை ஒரு வளையமாகக் கோத்துவைக்க வேண்டியிருந்தது. வளையத்தில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த வேலை ஏவப்படாது. பிறகு எம்பிச் ஹைட்ரா என்ற, ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகத் தோன்றி மறையும் ஏவும் அமைப்புக்கு மாறியது. லாம் உள்ளிட்ட நான்கு தொகுப்புகளின் அனுபவம் ஒன்றுகூடி 2004-இல் ஓப்பன் எம்.பி.ஐ. பிறந்தது. எப்போதும் விழித்திருக்கும் பின்னணி அமைப்பைப் பயனரே பராமரிக்கும் நிலையிலிருந்து, வேலையோடு வந்து வேலையோடு போகும் அமைப்புக்கு வந்தோம். ஒப்பந்தத்தில் முதலில் குறைந்த உறுதிமொழி இது.

அடுத்த சோதனை எண்ணிக்கையால் வந்தது. ஒரு நோடுக்கு 48 கோர், 20 நோடு என்று வைத்துக்கொண்டால் 960 பிராசஸ்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் தொடக்கத்திலேயே இணைப்பு ஏற்படுத்திக்கொண்டால் 4,60,320 இணைப்புகள் வேண்டும். இன்ஃபினிபேண்ட் போன்ற வேக வலைப்பின்னல்களில் ஒவ்வொரு இணைப்பும் நினைவகத்தைப் பிடிக்கிறது. கணக்குக்கு வேண்டிய இடத்தைத் தொடக்கமே தின்றுவிடும். ஏவுதலிலும் இதே சிக்கல் உண்டு. தலைமை நோடு ஒவ்வொரு நோடாகத் தொடர்புகொள்ள அரை நொடி ஆகிறது என்றால், நூறு நோடுகளுக்கு 50 நொடி. எழுப்பப்பட்ட நோடு தன் பங்குக்கு இன்னொன்றை எழுப்பும்படி மரக்கிளை போலப் பரப்பினால், ஏழே சுற்றில், மூன்றரை நொடியில் முடியும். இந்தச் சிக்கலை ஆராய்ந்த முக்கியமான கட்டுரைகளில் ஒன்று இந்திய மண்ணில்தான் அரங்கேறியது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தபலேஸ்வர் பாண்டாவின் குழு, இன்ஃபினிபேண்ட் கிளஸ்டர்களில் எம்.பி.ஐ. நிரல்களை விரைவாகத் தொடங்குவது பற்றிய தன் ஆய்வை 2004 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஹைபிசி மாநாட்டில் முன்வைத்தது. அக்குழு உருவாக்கிய எம்வாபிச் தொகுப்பும் பிற தொகுப்புகளும் பின்னர் ஒரே முடிவுக்கு வந்தன: இணைப்பை முதல் செய்தி அனுப்பும் தருணத்தில் ஏற்படுத்திக்கொண்டால் போதும்.

ஆனால் இணைப்பைத் தள்ளிப்போட்டாலும் முகவரி தெரிய வேண்டும். முன்பின் அறியாத ஆயிரம் பிராசஸ்கள் முகவரியைப் பரிமாறிக்கொள்ள, செய்திப் பரிமாற்றமே இன்னும் தொடங்காத நிலையில், வேறொரு வழி தேவை. இந்த வழிதான் பி.எம்.ஐ. எனப்படும் பிராசஸ் மேலாண்மை இடைமுகம். ஏவும் அமைப்பு ஒரு பொதுப் பதிவேட்டை வைத்திருக்கும். ஒவ்வொரு பிராசஸும் தன் முகவரியை அதில் இடும். எல்லாரும் இட்டு முடிக்கும்வரை காத்திருக்கும். பிறகு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இதில் நடுவில் உள்ள காத்திருப்புதான் கழுத்தை நெரிக்கிறது. மேட்டூரில் அணை திறந்த நாளைக் கொண்டு டெல்டாவின் சாகுபடி தொடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது, கடைமடைக்குத் தண்ணீர் வந்த நாளைத்தான் பார்க்க வேண்டும் என்பது காரைக்கால் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுபோல இங்கும் வேகமான பிராசஸ்கள் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், தொடக்கத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது கடைசியாக வரும் பிராசஸ். அது தாமதமாவதற்குப் பெரும்பாலும் வலைப்பின்னல் காரணமாக இருப்பதில்லை. ஆயிரம் பிராசஸ்களும் ஒரே நொடியில் ஒரே பொதுக் கோப்பகத்திலிருந்து தமக்கு வேண்டிய நூலகக் கோப்புகளைத் தேடித் திறக்கும்போது, அந்தக் கோப்பு சர்வர் திணறிப்போகிறது. பைத்தான் நிரல்களில், நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொரு பிராசஸும் தேடுவதால், இந்தத் திணறல் இன்னும் மோசம்.

பி.எம்.ஐ.யின் அடுத்த தலைமுறையான பி.எம்.ஐ.எக்ஸ். இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வழிகளைத் தந்தது. வரிசை மேலாளர் முன்பே அறிந்த தகவல்களை, எந்த நோடில் யார், எத்தனை பேர் என்பதை, கேட்காமலேயே ஒவ்வொரு பிராசஸுக்கும் கொடுத்துவிடலாம். முகவரி பரிமாற்றத்தைப் பின்னணியில் நடத்தலாம். வேண்டியபோது மட்டும் ஒருவர் முகவரியைக் கேட்டு வாங்கலாம். 2023-இல் வெளியான ஓப்பன் எம்.பி.ஐ. 5 பதிப்பு, தன் பழைய ஏவும் அமைப்பை முழுதாகக் கழற்றிவிட்டு, பி.எம்.ஐ.எக்ஸ். அடிப்படையிலான தனித் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. செய்தி நூலகமும் ஏவும் அமைப்பும் தனித்தனித் திட்டங்களின் வேலையாகி, நடுவில் ஒரு பொது இடைமுகம் நிலைபெற்றது. இரண்டாவதாகக் குறைந்த உறுதிமொழி இது: எல்லாரும் எல்லாரையும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை தளர்ந்தது.

மூன்றாவது தளர்வு விதிநூலுக்குள்ளேயே நடந்தது. இனிட் ஒரு முறைதான் அழைக்கப்படலாம். ஃபைனலைஸ் ஆன பிறகு மீண்டும் தொடங்க முடியாது. நிரல் ஒருவர் எழுதியதாக இருந்தால் இதில் சிக்கல் இல்லை. இன்றைய அறிவியல் நிரல் பல நூலகங்களின் தொகுப்பு. சமன்பாட்டைத் தீர்க்க ஒன்று, கோப்பு எழுத ஒன்று, படமாக்க ஒன்று, மூன்றும் எம்.பி.ஐ.யைப் பயன்படுத்தும். யார் இனிட்டை அழைப்பது? எத்தனை திரெட்கள் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பலாம் என்பதைத் தொடக்கத்திலேயே நான்கு நிலைகளில் ஒன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். முதலில் அழைத்தவர் குறைந்த நிலையைக் கேட்டுவிட்டால் பின்னால் வரும் நூலகம் மாட்டிக்கொள்ளும். பைத்தானின் எம்.பி.ஐ.4பை தொகுப்பு, இறக்குமதி செய்த உடனேயே தானாகத் தொடங்கி, மிக உயர்ந்த திரெட் நிலையையே இயல்பாகக் கேட்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம். 2021 ஜூனில் ஏற்கப்பட்ட எம்.பி.ஐ. 4.0 பதிப்பு 'செஷன்' என்ற மாற்று வழியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு செஷனைத் திறக்கலாம், வேண்டிய குழுவை மட்டும் அமைத்துக்கொள்ளலாம், முடித்துவிட்டு மறுபடியும் திறக்கலாம். எல்லாரையும் உள்ளடக்கிய ஒரே உலகம் என்பது கட்டாயத்திலிருந்து விருப்பமாக இறங்கியது. பழைய வழியும் நீடிக்கிறது. புழக்கத்தில் உள்ள நிரல்களில் பெரும்பாலானவை இன்னும் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஆனாலும் விதிநூலே தன் முதல் தீர்மானத்தைத் திருத்திக்கொள்ள முன்வந்தது, தொடக்கம் வெறும் சடங்கு அல்ல என்பதற்கு நல்ல சான்று.

இதற்கு எதிராகச் சில கேள்விகள் எழுவது நியாயம். முதல் கேள்வி: பத்து மணி நேரம் ஓடும் கணிப்பில் தொடக்கத்துக்குப் பத்து நொடி ஆனால் என்ன, முப்பது நொடி ஆனால் என்ன? ஒரே ஒரு நீண்ட வேலைக்கு இது சரி. எல்லா வேலையும் அப்படி இல்லை. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 2018-இல் நடைமுறைக்கு வந்த தொகுப்பு முன்கணிப்பு முறையில், 12 கிலோமீட்டர் துல்லியத்தில் ஒரே காலத்துக்கு 21 தனிக் கணிப்புகள் ஓட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தரவைத் தயாரிக்கும் சிறு வேலைகள் உண்டு. புயல் நெருங்கும்போது முன்கணிப்பு வந்துசேரும் நேரமே அதன் மதிப்பு. பல வேலைகள் சங்கிலியாக வரும்போது ஒவ்வொன்றின் தொடக்கத் தாமதமும் சேர்ந்துகொள்ளும். கணக்குப் பார்க்கும் வேறு வழியும் உண்டு: 960 கோர்கள் ஒரு நிமிடம் சும்மா காத்திருந்தால் 16 கோர்-மணி நேரம் வீண். ஒதுக்கீட்டை அளந்து கொடுக்கும் மையங்களில் அந்த வீணும் பயனர் கணக்கில்தான் ஏறும். நிரலைத் திருத்தித் திருத்திச் சோதிக்கும் மாணவர், ஓடும் நேரத்தைவிடத் தொடங்கும் நேரத்தையே அதிகம் செலவிடுகிறார்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இணைப்பைத் தள்ளிப்போடுவதால் செலவு மறைவதில்லையே, வேறு இடத்துக்கு நகர்கிறது அவ்வளவுதானே? உண்மைதான். முதல் செய்தி மெதுவாகப் போகும். அளவீடு செய்பவர் அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் தவறான முடிவுக்கு வருவார். பரிமாற்ற வடிவத்தைப் பொறுத்தே இதன் லாபம். வட்டார வானிலை மாதிரியான டபிள்யூ.ஆர்.எஃப். நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒன்றைக் கொடுக்கிறது. எல்லைத் தரவை அக்கம்பக்கத்துப் பிராசஸ்களோடு மட்டும் பரிமாறினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். 960 பேர் இருந்தாலும் ஒருவருக்கு வேண்டிய இணைப்பு விரல்விட்டு எண்ணக்கூடியது. உலகளாவிய நிறமாலை மாதிரிகளில் நிலைமை வேறு; ஒவ்வொரு நேரப் படியிலும் தரவு பெரிய குழுவுக்குள் எல்லாரிடமிருந்தும் எல்லாருக்கும் மாற்றி அடுக்கப்படுகிறது. அங்கே இணைப்புகள் எப்படியும் திறக்கப்படும். தள்ளிப்போடுவதில் பெரிய லாபம் இல்லை. ஆகவே தேவைப்படும்போது செய் என்பது எங்கும் பொருந்தும் சூத்திரம் அல்ல. எது தேவை என்பதை நிரலின் பரிமாற்ற வடிவம் சொல்ல வேண்டும், அதை அறிந்தவர் நிரலாளர் மட்டுமே.

இது மூன்றாவது கேள்விக்கும் பதிலாகிறது. தொடக்கம் கணினி மையத்தை நிர்வகிப்பவரின் தலைவலி, நிரல் எழுதுபவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பார்கள். பொறுப்பை அப்படிப் பிரித்துவிடும் இடத்தில்தான் மோசமான பிழைகள் நுழைகின்றன. ஒரு தொகுப்பின் எம்.பி.ஐ. நூலகத்தோடு இணைத்துத் தொகுத்த நிரலை, இன்னொரு தொகுப்பின் ஏவும் கட்டளையால் ஓட்டுவது கிளஸ்டர்களில் அடிக்கடி நடக்கும் ஒன்று. ஸ்லர்ம் வரிசை மேலாளரிலும், நிரல் எதிர்பார்க்கும் பி.எம்.ஐ. வகையும் கட்டளை கொடுக்கும் வகையும் பொருந்தாவிட்டால் இதே கதி. ஏவியவரைக் கண்டுபிடிக்க முடியாத ஒவ்வொரு பிராசஸும், தன்னை யாரும் ஏவவில்லை, தான் தனியாகவே தொடங்கப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்துகொள்ளும். நான்கு பேர் கொண்ட ஒரு குழு உருவாக வேண்டிய இடத்தில், ஒருவர் மட்டுமே உள்ள நான்கு உலகங்கள் உருவாகும். நான்கும் தம்மை எண் பூஜ்யம் என்றே நினைத்து, முழுக் கணக்கையும் தனித்தனியாகப் போட்டு, ஒரே கோப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதும். பல வேளைகளில் பிழைச் செய்தி எதுவும் வராது. விடைகூடச் சரியாக இருக்கலாம். வேகம் மட்டும் கூடியிருக்காது. இணைக் கணிப்பால் பயனில்லை என்று ஆய்வாளர் முடிவுகட்டிவிடுவார். கேட்ட எண்ணிக்கையும் கிடைத்த எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று தொடக்கத்தில் ஒப்பிட்டு, இல்லையென்றால் நின்றுவிடும் இரண்டு வரி இந்தப் பிழையைப் பிடித்துவிடும். அந்த இரண்டு வரியை நிர்வாகி எழுத முடியாது.

நான்காவது கேள்வி காலத்தைப் பற்றியது. இன்று பெரிய கணிப்பு என்றால் செயற்கை நுண்ணறிவு, ஜி.பி.யு., கிளவுட்; எம்.பி.ஐ. பழைய தலைமுறையின் கருவி இல்லையா? பைடார்ச்சில் பல ஜி.பி.யு.க்களில் ஒரு மாதிரியைப் பயிற்றுவிப்பவர் முதலில் தர வேண்டியவற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்: தன் எண்ணான ரேங்க் என்ன, உலகத்தின் அளவு என்ன, எல்லாரும் முதலில் சந்திக்க வேண்டிய தலைமைக் கணினியின் முகவரியும் போர்ட்டும் என்ன. என்விடியாவின் என்.சி.சி.எல். நூலகத்தில், ஒரு பிராசஸ் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, வேறொரு வழியில் மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் அவை ஒன்றுசேர முடியும். அந்த வேறு வழியாக எம்.பி.ஐ.யைப் பயன்படுத்துவது இன்றும் வழக்கம். லக்ஷ்மிகாந்த் காலேயின் குழு உருவாக்கிய சார்ம்++ போன்ற உயர்நிலை முறைகளும் செய்தி அனுப்பும் விவரங்களை மறைக்கின்றனவே தவிர, தமக்கென ஓர் ஏவும் கட்டளையை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவிகள் மாறுகின்றன; முன்பின் அறியாதவர்கள் எங்கே, யார் மூலம் முதலில் சந்திப்பது என்ற கேள்வி மாறுவதில்லை. பழுது தாங்கும் திறனிலும் இதைக் காணலாம். இயல்பான நிலையில் ஒரு பிராசஸ் செத்தால் எம்.பி.ஐ. முழு வேலையையும் நிறுத்திவிடும். மிஞ்சியவர்கள் மீண்டும் கூடித் தொடர வழி செய்யும் யு.எல்.எஃப்.எம். முறை உண்மையில் இன்னொரு தொடக்கத்தைத்தான் வடிவமைக்கிறது.

இவை நம் பக்கத்துக்கு என்ன பொருள் தருகின்றன? சென்னை கணித அறிவியல் நிறுவனம், சந்தையில் கிடைக்கும் ஜியான் செயலிகளைக் கொண்ட நோடுகளைக் கோத்து அமைத்த கப்ரு கிளஸ்டர், 2004-இல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் இடம்பெற்றது. சொந்தமாகக் கோக்கும் அறிவு இருந்தால் சிறிய நிறுவனமும் பெரிய கணிப்பில் இறங்கலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷன், கணிப்பு வசதியைப் பல கல்வி நிறுவனங்களுக்குப் பரப்பியது. அதன் கீழ் 2022 மே 25 அன்று திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃப்ளாப் திறன்கொண்ட பரம் பொருள் தொடங்கிவைக்கப்பட்டது. காரைக்காலின் திருவேட்டக்குடியில் இருக்கும் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம், 2010-இல் திருச்சிக் கழகத்தின் வழிகாட்டலில் அங்கேயே வகுப்புகளைத் தொடங்கி, பிறகு இங்கே வந்தது. இப்படிப்பட்ட புதிய கழகங்களும் அவற்றைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளும் தமக்கென்று பெரிய இயந்திரம் வாங்குவதைவிட, வலைப்பின்னல் வழியாகப் பொது மையங்களில் வேலை செய்வதே நடைமுறைக்கு உகந்தது. அப்படி வேலை செய்பவரின் கைக்கு எட்டுவது நிரலும், வேலைக் கோரிக்கைக் கோப்பும், ஏவும் கட்டளையும் மட்டும்தான். தொடக்கத்தின் அறிவு இல்லாவிட்டால், மற்ற எல்லா அறிவும் வாசலிலேயே நின்றுவிடும்.

கற்பிக்கும் முறையில் மாற்றம் இங்கிருந்து தொடங்க வேண்டும். நான்கு பழைய கணினிகளை ஒரு சுவிட்சில் இணைத்த ஆய்வகம் போதும். கடவுச்சொல் இல்லாத எஸ்.எஸ்.ஹெச். அமைப்பது, நோடுகளின் பெயர்ப் பட்டியல் எழுதுவது, எல்லாக் கணினியிலும் ஒரே நூலகப் பதிப்பு ஒரே பாதையில் இருப்பதை உறுதிசெய்வது, ஃபயர்வால் தடுப்பதைக் கண்டுபிடிப்பது, வேண்டுமென்றே பொருந்தாத ஏவும் கட்டளையைக் கொடுத்து நான்கு தனி உலகங்கள் உருவாவதைப் பார்ப்பது என எல்லாவற்றையும் அங்கே செய்யலாம். இனிட்டுக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து, நோடுகளைக் கூட்டக் கூட்ட அது எப்படி வளர்கிறது என்று ஒரு வரைபடம் போடுவது இளநிலை மாணவருக்கே எட்டக்கூடிய ஆய்வு. பொது மையங்கள் தம் பங்குக்கு, எந்த நூலகத்துக்கு எந்த ஏவும் வகை என்ற ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலும் வைத்தால், புதிதாக வருபவரின் முதல் வாரம் மிச்சமாகும்.

இந்தத் துறையின் வரலாறு மொத்தமாகச் சொல்வது இதுதான்: தொடக்கத்தில் செய்யும் ஒவ்வொரு அனுமானமும் பின்னால் ஒரு கட்டுப்பாடாகிறது. எப்போதும் விழித்திருக்கும் டீமன், எல்லாருக்கும் எல்லாரோடும் இணைப்பு, ஒரே ஒரு மாறாத உலகம் ஆகிய மூன்றும் தம் காலத்தில் நியாயமாக இருந்தன. மூன்றும் அளவு கூடியபோது சுமையாயின. அவற்றை இறக்கிவைக்க எம்.பி.ஐ. சமூகத்துக்கு முப்பது ஆண்டு ஆயிற்று. அடுத்து வரும் அளவு எதுவாக இருந்தாலும், எதை முன்பே முடிவுசெய்கிறோம், எதைத் தள்ளிவைக்கிறோம், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்கத் தெரிந்தவர்கள் கையில்தான் இயந்திரம் பயன்படும். அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவதற்குப் பெட்டாஃப்ளாப் தேவையில்லை.